கேட்டது நல்லது, பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தந்தையாருக்கு வயது 84. போன மாதம் அவருடன் 12 நாட்கள் யாழ் குடாநாட்டில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் ஆண்கள் விடுதியில் இருந்தேன். எந்த வைத்தியசாலை, எத்தனையாம் விடுதி என்று எழுதப்போவதில்லை. அந்த விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். “எழுதுறதெண்டால் எழுதுங்கோ அண்ணை. என்ரை பெயரும் வேண்டாம், அந்தப் பிள்ளையின்ரை பெயரும் வேண்டாம்” என்றார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் கொடுத்து முழுவதையும் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

அப்பா தோட்டக்காரர். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் வைத்து எங்களை ஆளாக்கியவர். இப்போதும் காலையில் செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் ஒருதரம் இறங்கி ஏறாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. 20 வருடமாகச் சீனி வருத்தம். பாதம் மரத்துப்போனதால் கம்பி குத்தியது அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது புண் பழுத்து, காய்ச்சலும் பிடித்துவிட்டது. வாட்டில் சேர்த்த அன்றே குளிசையை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார்கள். மூன்று நேரமும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு ஊசி.

முதல் மூன்று நாளும் அந்த விடுதியில் ஒரு விடயம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஊசி போட வரும் நேர்ஸ் பிள்ளை, குளிசை கொடுக்க வருபவர், இரத்தம் எடுக்க வருபவர், யார் வந்தாலும் முதல் கேள்வி, “அப்பு, உங்கட முழுப் பெயரைச் சொல்லுங்கோ.” காலையில் கேட்டவரே மத்தியானமும் கேட்பார். அப்பாவுக்குக் காது மந்தம். இரண்டு மூன்று தரம் கத்திக் கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் நான் பதில் சொன்னால், “நீங்கள் சொல்லாதேங்கோ, அவர் சொல்லட்டும்” என்பார்கள். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை நாளாகக் கிடக்கிற மனுசனின் பெயர் இன்னும் தெரியாதா என்று சிஸ்டரிடமே போய்க் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “அண்ணை, பெயரை நாங்கள் சொல்லி, நீங்கள்தானே அவர் எண்டு கேட்டால், காது கேளாத ஆக்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டுவினம். அவர் வாயால வந்தால்தான் எங்களுக்கு நிச்சயம்” என்றார். சரி என்று வந்து இருந்துவிட்டேன். மனம் முழுதாக ஒப்பவில்லை.

அடுத்த நாள் எதிர்க் கட்டிலுக்கு ஒரு முதியவரைக் கொண்டுவந்து விட்டார்கள். அவருக்கும் அப்பாவின் பெயர்தான். அப்பாவின் தலைமுறையில் கந்தையா, செல்லையா, தம்பிப்பிள்ளை, பொன்னுத்துரை என்று நாலைந்து பெயர்களுக்குள் ஒரு கிராமமே அடங்கிவிடும். இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர், ஒரே மாதிரிச் சாரம், இரண்டு பேருக்கும் பாதி காது. வந்தவருக்கு நெஞ்சுச் சளி. சீனி வருத்தம் கிடையாது. அப்பாவுக்குரிய இன்சுலின் அந்த மனுசனின் உடம்பில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று பின்னேரம் முழுக்க யோசித்துக்கொண்டு இருந்தேன்.

நான் 1990இல் கூட்டுறவுச் சங்கக் கடையில் சேர்ந்து, கிளை முகாமையாளராக ஓய்வுபெற்றவன். 1995 இடம்பெயர்வின்போது தென்மராட்சியில் மரத்துக்குக் கீழே தராசைத் தொங்கவிட்டு நிவாரண அரிசி நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் இதே பெயர்க் குழப்பம் வந்தது. ஒரு குடும்பத்தின் அரிசியை அதே பெயருள்ள இன்னொருவர் அறியாமல் வாங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் அவரே திருப்பிக் கொண்டுவந்தார், கணக்கு நேராகிவிட்டது. அரிசியைத் திருப்பித் தரலாம். நரம்பில் ஏற்றிய மருந்தைத் திருப்பி எடுக்க யாராலும் ஏலாது. அன்றிலிருந்து நேர்ஸ் பிள்ளைகள் வரும்போது அப்பாவின் தோளைத் தட்டி, “பெயரைச் சொல்லுங்கோ அப்பா” என்று நானே சொல்லத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சிஸ்டரைக் கவனித்துப் பார்த்தேன். வயது 50ஐத் தாண்டியிருக்கும். காலை 7 மணிக்குத் தாதியர் மாறும் நேரம், ஆனால் அவர் 6.40க்கெல்லாம் விடுதிக்குள் நிற்பார். இரவுக் கடமை முடிப்பவர்கள் மேசையில் இருந்தபடி கொப்பியை வாசித்துக் கையளித்துவிட்டுப் போக அவர் விடுவதில்லை. போகிறவர்களும் வருகிறவர்களுமாகக் கட்டில் கட்டிலாக நடக்க வேண்டும். சேலைன் எவ்வளவு மிச்சம், சலம் எவ்வளவு போனது, இரவு யார் எழும்பி நடந்தது, யாருக்கு நித்திரையில்லை என்று நோயாளிக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். ஒருநாள் “அப்பு இரவு நல்லாப் படுத்தவர்” என்று ஒரு பிள்ளை சொல்ல, “எங்க படுத்தனான்? விடிய விடியக் கால் குத்தினது” என்று அப்பா குரல் கொடுத்தார். சிஸ்டர் உடனே கட்டைப் பிரிக்கச் சொல்லிப் புண்ணைப் பார்த்தார். கட்டு இறுக்கமாகிக் கால் வீங்கியிருந்தது. மேசையில் வாசித்திருந்தால் அது மத்தியானம்வரை தெரிந்திருக்காது.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் பன்டேஜ் துணியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு கை துடைக்கும் ஸ்பிரிட் போத்தல் இருந்தது. வைத்திய நிபுணர் பார்வையிட வரும்போது சிஸ்டர் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. போத்தலை எடுத்து முதலில் தன் கையில் விட்டுத் தேய்ப்பார். பிறகு அவர் பக்கம் நீட்டுவார். அவர் வாங்கித் தேய்ப்பார். பின்னால் வரும் இளம் டொக்டர்மாரும் ஒவ்வொருவராகத் தேய்த்துவிட்டுத்தான் நோயாளியைத் தொடுவார்கள். அடுத்த கட்டிலிலும் அதே. ஒரு நோயாளியின் கிருமி அடுத்தவருக்குப் போவது பெரும்பாலும் கையால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை 30, 40 கட்டிலுக்கும் விடாமல் செய்விப்பது வேறு வேலை. தரை துடைத்த ஈரம் காயும்வரை ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் குறுக்கே வைத்துவிட்டுத்தான் அவர் நகர்வார். வயது போனவர்கள் கழிப்பறைக்குப் போகிற வழி அது. துடைத்த தொழிலாளி மறந்துவிட்டால், அவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்காமல் தானே கதிரையைத் தூக்கி வைப்பார்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான நாளுக்கு வருகிறேன்.

ஏழாம் நாள், வியாழக்கிழமை. காலையில் பார்த்தபோது அப்பாவின் சீனி கூடியிருந்தது. அதுவரை 6 யூனிற்றாக இருந்த மத்தியான இன்சுலினை 8 ஆக்கி, நோயாளியின் மருந்து விபரம் எழுதும் ரிக்கற்றில் குறித்துவிட்டுப் போனார்கள். 11.30 தாண்டியிருக்கும். பார்வையாளர் நேரம் 12 மணிக்கென்றாலும் அதற்கு முன்னரே வாசலில் சனம் நெருக்கத் தொடங்கிவிடும், சிலர் எப்படியோ உள்ளேயும் வந்துவிடுவார்கள். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு பிள்ளை மருந்து ட்றொலியைத் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் கட்டிலுக்கு வருவதற்குள் மூன்று பேர் அந்தப் பிள்ளையை மறித்தார்கள். ஒருவர், எப்போது துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார். இன்னொருவர் ஸ்கானுக்கு எங்கே போவது என்றார். மூன்றாவது ஆள் நான். அப்பாவின் காய்ச்சல் அளவைச் சொல்லச் சொல்லி, மருந்து எடுக்கும் கையை நானும்தான் மறித்தேன்.

பிள்ளை அப்பாவிடம் பெயரைக் கேட்டது, ரிக்கற்றைப் பார்த்தது, குப்பியில் இருந்து மருந்தை ஊசிக்குள் இழுத்தது. பிறகு அப்படியே நின்றது. இன்சுலின் ஊசிக்குழாய் மிகச் சிறியது. 1 மில்லிலீற்றருக்குள் 100 யூனிற். ஒரு சின்னக் கோடு 2 யூனிற். 8 என்றால் நாலாவது கோடு, ஒரு துளிதான். அந்தப் பிள்ளையின் கையில் இருந்த குழாய் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. 8க்குப் பக்கத்தில் யூனிற்றுக்குச் சுருக்கமாக ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தார்கள். அவசரத்தில் எழுதியதில் அதன் வாய் மூடிப்போய், பார்ப்பவருக்கு 80 என்று தெரிந்தது.

“சிஸ்டர்” என்று அந்தப் பிள்ளை கூப்பிட்டது. பெரிய சத்தமில்லை. சிஸ்டர் மேசையில் யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

“சிஸ்டர், இது கூடிப்போச்சுதோ எண்டு எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

ரிக்கற்றை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். “கேட்டது நல்லது, பிள்ளை. அதை அப்பிடியே தட்டில வையுங்கோ. ஒருத்தரும் தொடவேண்டாம்.” அவ்வளவுதான் சொன்னார். டொக்டரைக் கூப்பிட்டார். வந்தவர் பார்த்துவிட்டு முகம் வெளிறி, பழையதை வெட்டி, எட்டு யூனிற் என்று எழுத்தால் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது ஊசி எடுத்து, ஒருவர் இழுக்க மற்றவர் கோட்டை வாய்விட்டு எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, அப்பாவுக்கு 8 யூனிற் போட்டார்கள். பிறகு அவர் சோறும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டார். நான் நேரில் நின்றும் எனக்கு நடந்தது விளங்கவில்லை. ஏதோ ஊசி மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

விளங்கப்படுத்தியது சிஸ்டர்தான். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலருகில் ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்தார். “அண்ணை, இப்ப நடந்தது உங்களுக்குத் தெரியவேணும்” என்று தொடங்கி, 8 எப்படி 80 ஆனது, அது உள்ளே போயிருந்தால் என்ன நடந்திருக்கும், எப்படி நின்றது என்று ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். 80 யூனிற் போயிருந்தால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி, வியர்த்து நடுங்கி, நினைவு தப்பி, கவனிக்கத் தாமதமாகியிருந்தால் அப்பாவின் உயிரே போயிருக்கும். அவர் இதை மறைத்திருக்கலாம். ஊசி போடப்படவில்லை, சேதம் ஒன்றுமில்லை. கேட்க எனக்கும் தெரியாது.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் என் அம்மா இருந்தார்.

2014இல் அம்மாவை ஓரிடத்தில் வைத்தியத்துக்குச் சேர்த்தோம். அவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. கிளினிக் கொப்பியில் அது எழுதியிருந்தது. சேர்க்கும்போது வாயாலும் சொன்னோம். ஆனால் ரிக்கற்றில் அது ஏறவில்லை. இரவு ஒரு ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் முகம் வீங்கி, தொண்டை இறுகி, அம்மா மூச்சுக்குத் தவித்ததை என் தங்கச்சி பக்கத்தில் நின்று பார்த்தாள். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் என்ன ஊசி, ஏன் இப்படி வந்தது என்று நாங்கள் கேட்டபோது, “வயது போனால் உப்பிடித்தான்” என்றார்கள். அடுத்த நாள் கேட்டபோது, இரவு நின்றவர் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் எங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார்கள். இன்றுவரை ஒருவரும் எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குவார். மூன்று வருடம் கழித்து நெஞ்சு நோவென்று ஒரு பகல் முழுக்கத் தாங்கிக்கொண்டு கிடந்தார், எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்ற பயம். நாங்கள் கொண்டுபோனபோது நேரம் பிந்திவிட்டது. அம்மாவைக் கொன்றது அந்த ஊசி என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊசிக்குப் பிறகு வந்த மௌனம் அவரை எங்களிடமிருந்து பிரித்தது என்று சொல்வேன்.

அது எல்லாம் சேர்ந்துதான் அன்று எழும்பி நின்றேன். என் குரல் உயர்ந்ததும் பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஓர் இளைஞர் போனை எடுத்து அந்த நேர்ஸ் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டார். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியது. சிஸ்டர் எழும்பிப் பிள்ளைக்கு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, என்னைப் படமெடுங்கோ, பரவாயில்லை. இந்த விடுதிக்குப் பொறுப்பு நான். கேட்டதுக்காக இந்தப் பிள்ளையைப் பேஸ்புக்கில போட்டீங்களெண்டால், நாளைக்கு இன்னொரு பிள்ளை சந்தேகம் வந்தாலும் கேளாமல் ஊசியைப் போடும். உங்கட அப்பாவுக்கும் அந்தக் கைதான் ஊசி போடப்போகுது.”

அந்தத் தம்பியின் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கியது நான்தான். அம்மாவுக்கு நடந்ததில் யாராவது ஒருவர் வந்து இப்படி ஸ்ரூலைப் போட்டு இருந்து, நடந்தது இதுதான் என்று சொல்லியிருந்தால், அம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார் என்ற எண்ணம் அந்த நிமிடத்தில்தான் எனக்கு வந்தது. மறைத்தவர்கள் ஏன் மறைத்தார்கள் என்பதும் விளங்கியது. அவர்களுக்கு முன்னால் நிற்க இப்படி ஒரு சிஸ்டர் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் சிஸ்டர் சம்பவ அறிக்கைப் படிவத்தை எடுத்து நிரப்பினார். பிள்ளையை மேசையில் பக்கத்தில் இருத்தி, எத்தனை மணி, எத்தனை பேர் மறித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். என்னையும் வந்து கேட்டார். நானும் மறித்தேன் என்று சொன்னேன், அதையும் எழுதினார். பிள்ளையின் பிழை என்று ஒரு வரியும் அதில் இல்லை. எழுத்து எப்படி இருந்தது, வேளை எப்படி இருந்தது என்றுதான் இருந்தது. கடமை மாறும்போது எல்லோரையும் கூப்பிட்டு, “இண்டைக்கு இந்தப் பிள்ளை கேட்டபடியால ஒரு உயிர் தப்பினது” என்றார். பிள்ளை அழுதது. மற்றவர்கள் தோளைத் தட்டினார்கள்.

அடுத்த நாள் பார்வையிடும்போது வைத்திய நிபுணரிடம் அந்த ரிக்கற்றைக் காட்டி, “சேர், இனி எங்கட விடுதியில யூனிற் எண்டு முழுச் சொல்லா எழுதினால் நல்லம்” என்றார். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், ஓம் என்றார். பின்னேரமே எழுதும் மேசைக்கு மேல் அதைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை சிஸ்டர் வீட்டில் தைத்த ஒரு சிவப்புத் துணிப் பட்டியோடு வந்தார். மருந்து கொடுப்பவர் அதைத் தோளில் குறுக்கே போட வேண்டும். வெள்ளை நூலால், ‘மருந்து நேரம். பேச வேண்டாம்’ என்று தைத்திருந்தது. பட்டி போட்டிருப்பவரிடம் டொக்டரும் பேசக்கூடாது, நோயாளியின் ஆட்களும் பேசக்கூடாது. கேட்க வேண்டியதை மேசையில் நிற்பவரிடம் கேட்கலாம். முதல் நாள் சனம் முணுமுணுத்தது. அடுத்த நாளே புதிதாக வருபவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுத்தோம்.

இந்த ‘யூ’ எழுத்துச் சிக்கல் எங்கள் ஊரில் மட்டும் வந்ததல்ல என்று சிஸ்டர் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் மகள் தேடி வாசித்துக் காட்டினாள். அந்தச் சுருக்கத்தை எழுதவே கூடாது என்று தடுத்திருக்கும் வைத்தியசாலைகள் வெளிநாடுகளில் நிறைய உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்கவென்றே தனியாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2019 முதல் செப்டெம்பர் 17ஐ உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். வைத்தியம் பெறும் 10 பேரில் ஏறத்தாழ ஒருவர் அந்த வைத்தியத்தாலேயே ஏதாவது தீங்குக்கு உள்ளாகிறார், அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. பணக்கார நாடு, ஏழை நாடு என்றில்லாமல் எங்கும் நடப்பதுதான். ஆகவே எங்கள் வைத்தியசாலைகளில் பிழையே வராது என்று யாரும் சொல்ல முடியாது. வருகிற பிழை வாசலிலேயே பிடிபடுகிறதா, பிடிபட்டால் வெளியே சொல்கிறார்களா என்பதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.

இங்கே பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு வைத்தியசாலையில் தவறு நடந்தது என்று தெரிந்தால் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். என் அம்மாவுக்கு நடந்ததை ஒருவரும் எழுதவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் விசாரணை முடியுமுன்னே ஒரு தாதியின் படத்தைப் போட்டுக் ‘கவனயீனம்’ என்று தலைப்பிடும்போது, அதைப் படிக்கும் மற்றத் தாதியர் என்ன பாடம் படிப்பார்கள் என்று ஒருதரம் யோசியுங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்றுதான் படிப்பார்கள். அந்த மௌனத்தின் விலையை என் குடும்பம் கொடுத்திருக்கிறது.

சுகாதாரத் திணைக்களத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் இன்னும் ஒன்று. நான் அப்பாவோடு நின்ற இரவுகளில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பாயில் கிடந்தவர்களோடு சேர்த்து 43 நோயாளிகள், இரண்டு தாதியர். இரவு 7 மணிக்கு வந்தவர்கள் காலை 7 மணிவரை இருந்து ஒரு தேத்தண்ணி குடித்ததை நான் காணவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த விடுதியில் இருந்து மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்களாம். போனவர்களை நான் குறைசொல்லவில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மிஞ்சி நிற்பவர்களை நம்பித்தான் எங்கள் தாய் தகப்பன் படுத்திருக்கிறார்கள். சிஸ்டர் எவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தாலும், இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டிய ஊசிக்கு இரண்டாவது ஆள் 20 கட்டிலுக்கு அப்பால் நின்றால் என்ன செய்வது? மழை தொடங்கினால் டெங்குக் காய்ச்சல்காரரும் வந்து நிரம்பிவிடுவார்கள். டெங்கு முற்றும் அந்த ஒன்றிரண்டு நாளில் நாடியையும் பிறெசரையும் குடித்த தண்ணீரையும் போன சலத்தையும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதும் இதே கைகள்தான்.

அந்தச் சம்பவ அறிக்கை மேலே போய் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அதை அனுப்பியதற்காகச் சிஸ்டருக்கோ அந்தப் பிள்ளைக்கோ ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் வரக்கூடாது. பாராட்டுக் கடிதம் வர வேண்டும். சங்கக் கடையில் இருப்பெடுக்கும்போது குறைவைத் தானாக வந்து சொன்ன ஊழியனை நான் ஒருநாளும் தண்டித்ததில்லை. ஒளித்தவனைத்தான் தண்டித்தேன்.

எங்கள் சனத்துக்கும் சொல்ல இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும் வீட்டில் குடிக்கும் எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் வாயால் சொன்னதோடு நிற்காமல், ரிக்கற்றில் எழுதினீர்களா என்று கேளுங்கள். இந்தச் சிஸ்டர் அதைச் சிவப்புப் பேனையால் மேலே குறுக்கே எழுதுவார், நான் பார்த்தேன். மருந்து ட்றொலி வரும்போது மறிக்காதீர்கள்.

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். எனக்கு அப்போது 20 வயது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் டொக்டர்மாரும் தாதியரும் ஊழியர்களும் நோயாளருமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களிலும் கடமையை விட்டு ஓடாமல் நின்றவர்கள் அவர்கள். ஒவ்வொரு வருடமும் அவர்களுக்கு விளக்கேற்றுகிறோம், ஏற்ற வேண்டும். அந்த வழியில் வந்த ஒருவர் ஒரு சாதாரண வியாழக்கிழமை மத்தியானம், தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பி வந்து, என் அப்பாவை எனக்குத் திருப்பித் தந்திருக்கிறார். அதை இந்த ஊரில் நாலு பேர் அறிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

துண்டு வெட்டிய அன்று அந்த இளம் பிள்ளைதான் வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்துகளைத் தந்தது. தருமுன் வழக்கம்போல, “அப்பு, உங்கட முழுப் பெயரைச் சொல்லுங்கோ” என்றது. அப்பா தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, ஊரையும் குறிச்சியையும் சேர்த்துச் சொன்னார். பிள்ளை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருந்ததை அவர் காதருகில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் கிளினிக். அந்த விடுதியில் சிவப்புப் பட்டி ஒன்றுதான் இருக்கிறது, தோய்த்துக் காயப்போட்டால் மாற்றுக்கு இல்லை. என் மனைவி இன்னும் இரண்டு தைத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கிளை முகாமையாளர்,
உரும்பிராய்.